பந்திக்கு முன்னால் ஊசி

பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. மிட்டாய் தின்று வந்த நோயல்ல என்று டாக்டர் அம்மாவுக்கு விளக்கினார். அம்மா சொந்தக்காரர்களுக்கு விளக்கினாள். அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சின்னதில முட்டாய் நெறய தின்னிருப்பா" என்றார்கள்.

இதில் முதலிடம் என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு. கல்யாண வீடுகளில் எனக்குக் காவல் அவள்தான். என் இலையில் போளி விழுந்த மறுகணம் அவள் கை வந்து எடுத்துவிடும். எடுத்த போளி எங்கே போனது என்று கேட்கக் கூடாது. அவளுக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் மாத்திரை போட்டிருப்பாளாம்.

அடுத்த வருடம் வடசேரியில் ஒரு கல்யாணம். தாலி கட்டியதும் பந்திக்கு அழைத்தார்கள். நான் பாத்ரூமுக்குப் போய் வயிற்றில் இன்சுலின் பேனாவைக் குத்திக்கொண்டேன். குத்தினால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வெளியே வந்தால், மாப்பிள்ளை வீட்டார் பந்தி முழுவதையும் பிடித்திருந்தார்கள். இலையில் பாயசத்தை விட்டு, பப்படம் நொறுக்கி, பழத்தைப் பிசைந்து, நாளைக்கும் அங்கேயே இருப்பவர்கள் போல நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் கை நடுங்கத் தொடங்கியது. கழுத்து வியர்த்தது. குளுக்கோஸ் இருந்த பை அம்மாவிடம். அம்மா மேடையில் போட்டோவுக்கு நின்றாள். பக்கத்தில் கிடைத்த ஒரே இனிப்பு வாசல் மேசையில் இருந்த கற்கண்டு. அந்த மேசையில் வரவேற்க நின்றது அத்தை.

நான் ஒரு கை அள்ளினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏட்டி, ஒனக்கு சுகர்லா."

"கொறஞ்சு போச்சு அத்தே. இப்ப திங்கணும்."

"கொறஞ்சா நல்லதுதானே மக்கா. அதுக்குத்தானே இந்தப் பாடு படுகோம்."

சர்க்கரை இறங்கினால் எனக்குப் பயம் வராது, கோபம்தான் வரும். "விடுங்க, இல்லைன்னா கடிச்சிருவேன்" என்றேன். அவள் விடவில்லை. கடித்துவிட்டேன்.

கற்கண்டுத் தட்டு சரிந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்து, சிதறியதை வாயில் போட்டு நொறுக்கினேன். பட்டுச்சேலைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. அம்மா ஓடிவந்து, "ஊசி போட்டுட்டுச் சாப்பிடலைன்னா மயங்கி விழுந்திருவா மைனி" என்றதும் அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. அருகில் உட்கார்ந்து என் வாயில் ஒவ்வொன்றாகத் திணித்தாள்.

"வலிக்குதா அத்தே?"

"நீ மொதல்ல மெல்லு."

நடுக்கம் நின்றதும் என்னைப் பந்திக்கு இழுத்துப்போனாள். யாரென்றே தெரியாத ஒரு பெரியவரிடம், "பாயசம் குடிச்சது போரும், எந்திரிங்க. பிள்ளைக்கு எடம் வேணும்" என்றாள். அவர் பழமும் கையுமாக எழுந்துவிட்டார்.

அதன்பின் எந்தக் கல்யாணத்திலும் நான் காத்திருந்ததில்லை. அத்தை பந்தியின் நடுவில் நின்று, "பிள்ளைக்கு மொதல்ல சோறு விளம்பு, ஊசி போடப் போறா" என்று மண்டபத்துக்கே அறிவித்துவிடுவாள். முதல் தடவை இலைக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஊருக்கே தெரிந்த பிறகு பாத்ரூம் எதற்கு? இலைக்கு முன்னால் உட்கார்ந்தே குத்திக்கொள்ள ஆரம்பித்தேன். அத்தை முந்தானையை விரித்து மறைப்பாள்.

ஒருமுறை எதிர் வரிசைப் பையன் ஒருவன் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

"என்னல பாக்க? சோத்தத் தின்னு" என்றாள் அத்தை.