பானையைத் திறந்து காட்டாத ஓட்டல்

மதராஸில் எந்தச் சந்தில் மீன் குழம்பு நன்றாக இருக்கும், எந்த மெஸ்ஸில் வத்தக்குழம்பு, எந்தக் கடையில் மதியம் தாண்டினால் பிரியாணி காலி, எல்லாம் எனக்கு அத்துப்படி. கள்ளக்குறிச்சிப் பக்கம் நைனார்பாளையத்திலிருந்து வந்து அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த என்னை, மார்ட்டின் சரியான சாப்பாட்டு ராமன் என்று அறை நண்பர்கள் கேலி செய்வார்கள். அந்த அத்துப்படியை நம்பித்தான் வேடியப்பனுக்கு ஓட்டல் தேடப் போனேன். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். பதிலுக்குப் போலீஸ் சுட்டது. கேட்டது நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. நடுவில் மாட்டிக்கொண்டவனைப் பற்றி இரண்டு பக்கமும் கவலைப்படவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். ஊருக்குப் போகலாம் என்று பாரிமுனை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கள்ளக்குறிச்சி பஸ் நிற்கும் இடம் வெறிச்சென்று கிடந்தது. அங்கே தலையில் துண்டோடு ஒருவர் குந்தியிருந்தார்.

"பஸ் வராதுண்ணே, எந்திரிங்க" என்றேன்.

"வராட்டி எப்பிடி? மச்சான் மாவு எடுத்துக்கினு வரணும்" என்றார்.

அவர்தான் வேடியப்பன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். பெண்டாட்டி சடைச்சிக்கு வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். உடம்பில் தெம்பு வந்தால்தான் அறுக்க முடியும், முதலில் நன்றாகச் சாப்பிடட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ எதையும் தொடவில்லை. மச்சான் இருசப்பன் வறுத்து இடித்த சாமை மாவு கொண்டுவந்தால் தண்ணீர் விட்டுப் பிசைந்து கொடுக்கலாம் என்று காத்திருந்தார். மச்சான் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரிச் சோறு புடிக்கலியா?"

"புடிக்கறது இல்ல தம்பி. பானையப் பாத்தாதான் துன்னுவா."

அவர்கள் ஊரில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நேராக அடுப்படிக்குப் போவார்களாம். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். வீட்டுக்காரி கரண்டியை எடுத்து நீட்டுவாள். மூடின பானையிலிருந்து அள்ளி வைத்தால், அது வேண்டாதவனுக்குப் போடுகிற சோறு. படுத்துக் கிடப்பவருக்காக அவரைச் சேர்ந்த ஒருவர் பார்த்துவிட்டு வந்தாலும் போதும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவரை விடவில்லை. வெளியே கல் கூட்டி அவரே கஞ்சி வைத்தபோது வாட்ச்மேன் அடுப்பை உதைத்துத் தள்ளிவிட்டான்.

"பாத்தேன்னு ஒரு பொய் சொல்லுங்கண்ணே."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சாவக் கெடக்கறவகிட்ட சோத்துல பொய் சொல்லச் சொல்றியா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

எனக்கும் கோபம் வந்தது. எந்த ஓட்டலையும் பார்க்காத மனிதர் என்னைத் திட்டுவதா? வாங்க, காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

நான் வருஷக்கணக்காகச் சாப்பிட்ட ஓட்டல் அது. ஊதுபத்தி, பன்னீர்த் தெளிப்பு, கண்ணாடி போட்ட சாமி படம், கல்லாவில் விபூதி பூசிய முதலாளி. பார்சலுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால் வேடியப்பனைக் காணோம். நேராக உள்ளே போய் ஓர் அண்டாவின் மூடியைத் தூக்கிவிட்டார். அவர் ஊரில் அது மரியாதை. இங்கே சமையல்காரன் கத்தினான். சப்ளையர்கள் இரண்டு பேர் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதலாளி எழுந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"திருட்டுப் பயலே! மலைக்காட்டான் மாதிரி உள்ள பூந்துட்டான்!"

"எங்க கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆளுங்க. பொண்டாட்டிக்கு உடம்பு..." என்றேன்.

"ஊர்ல மரத்த வெட்டிப் போடுறீங்க, இங்க வந்து அண்டாவுல கைய வெக்கிறீங்களா? போய்யா!"

யார் மரம் வெட்டினார்கள், யார் மலையில் சாமை விதைக்கிறார்கள் என்ற வித்தியாசம் அந்த ஆளுக்குத் தேவைப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை. இன்னும் சாம்பார் கேட்டார்கள்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. என் அத்துப்படியான மெஸ்கள், மிலிட்டரி ஓட்டல்கள், ஒரு இடம் பாக்கியில்லை. பெரிய போர்டு, சின்ன போர்டு, எல்லா வாசலிலும் ஒரே பதில். "கிச்சன் உள்ள யாரையும் விடறதில்ல." சில இடங்களில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தச் சிரிப்புக்கு அறையே தேவலை. வாங்கிப் போன பார்சலையெல்லாம் சடைச்சி கையால் ஒதுக்கினாள். கண் மட்டும்தான் அவளிடம் மிச்சம் இருந்தது. "பானையப் பாத்தியா?" என்று கேட்பாள். வேடியப்பன் இல்லை என்று தலையாட்டுவார். மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். கட்டிலைப் போட்டு உடைக்கலாம் போல எனக்கு இருந்தது. யாரை உடைப்பது?

ஆஸ்பத்திரி மதிலோரம் ராணியம்மாள் இட்லிக் கடை போட்டிருந்தாள். சாக்கு மறைப்பு, ஒரு அடுப்பு. அந்த வழியாக நூறு தடவை போயிருப்பேன், அதை ஓட்டல் என்றே கணக்கில் எடுத்ததில்லை. வேறு வழியில்லாமல் அங்கே நின்று விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் கரண்டியைக் கீழே போட்டாள்.

"அதுக்கா இந்த ஆளை அடிச்சானுங்க? தே, வாய்யா இங்க! நான் இன்னா ஒளிச்சி வெச்சிக்கினா ஆக்குறேன்? கஞ்சிப் பானை அது. நீயே தொற. நல்லா பாரு!"

வேடியப்பன் குனிந்து மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ராணியம்மாள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கரண்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

அன்றைக்குச் சடைச்சி கேட்டபோது அவர், "பாத்தேன்டி. கரண்டியும் குடுத்தாங்க" என்றார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். அரிசிக் கஞ்சிதான், உப்புகூடக் கொஞ்சம் தூக்கல். கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன். அழுகை முடிந்ததும் அந்த முதலாளி மேல் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

ரோடு திறந்து இருசப்பன் மாவும் சாமை அரிசியும் கொண்டுவந்து சேர்ந்தபோது அவளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. ஊருக்குக் கிளம்பும் நாள், ராணியம்மாள் அடுப்பில் வேடியப்பன் ஒரு பானைச் சாமைச் சோறு வடித்தார். சடைச்சிக்கும் ராணியம்மாளுக்கும் போட்டார். மிச்சத்தோடு பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு, "வா தம்பி" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மதிய நேரம். ஓட்டலில் உட்கார இடமில்லை. வேடியப்பன் நேராகக் கல்லாவுக்குப் போய், சில்லறைத் தட்டை ஓரம் தள்ளிவிட்டுப் பானையை வைத்தார். முதலாளி எழுவதற்குள் மூடியை எடுத்துவிட்டார்.

"பாரு. கிட்ட வந்து பாரு. எங்க மலையில வெளஞ்சது. எங்க வூட்டுக்கு எவன் வந்தாலும் தொறந்து பாக்கலாம். நீ வந்தாக்கூடப் பாக்கலாம். எவனும் அடிக்க மாட்டான்." பானையை முதலாளி பக்கம் நகர்த்தினார். "இப்ப உன்னுத தொற."

சப்ளையர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். முதலாளி அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பிசைந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, "நியாயமாத்தானே கேக்கறாரு? தொறந்து காட்டுங்களேன், நாங்களும் பாக்கறோம்" என்றார்.

முதலாளி எழுந்து போய்ச் சமையலறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

பெரியவர் பாதிச் சோற்றோடு இலையை மடித்தார்.