ஹெலன் கையெழுத்துப் போடாத கட்லா

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஹெலனுக்கு இருபத்தோரு வருஷ சர்வீஸ். தைத்து வரும் மேல்பாகங்களைத் திருப்பிப் பார்த்து, தையல் விலகியதையும் தோலில் வடு உள்ளதையும் ஒதுக்கித் தள்ளுவது அவள் வேலை. 2020இல் ஊரடங்கு தளர்ந்த பிறகும் ஆர்டர் வராமல் கம்பெனி பாதி நாள் மூடிக் கிடந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு மக்பூல் அகமது பாயும் அவர் மனைவியும் ஏரிக்குக் கிளம்ப, இவளும் கூடப் போய் முதன்முதலாகத் தூண்டில் பிடித்தாள். தண்ணீரில் ஆடும் தக்கையையே இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. அன்றைக்கு உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஜிலேபி மீன் கிடைத்தது. லாரி ஓட்டும் அவள் கணவர் இன்பராஜ், வீடெல்லாம் கவுச்சி அடிக்கிறது என்று முகம் சுளித்தார். அவள் அடுத்த வாரமும் போனாள்.

மக்பூல் பாய் தோல் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்தவர். அவர்தான் ஆள் சேர்த்து ‘ஞாயிறு தூண்டில் கிளப்’ ஆரம்பித்தார். தலைவர் அவர். செயலாளராக யாரும் வரவில்லை. ஹெலனின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து அவள் தலையில் கட்டினார்கள். பதினாலு பேரில் அவள் ஒருத்திதான் பெண்.

அதிலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எரிச்சல். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் அனுமதிக் கடிதம் அவள் வாங்க வேண்டும். வேன் அவள் பேச வேண்டும். மண்புழு தோண்டுவதுகூட அவள்தான். ஏழரைக்கு வரச் சொன்னால் ஒன்பதுக்கு வருவார்கள். வந்தவர்களும் தூண்டில் போடுவதற்கு முன்னாலேயே, தம் போட்ட பிரியாணி எப்போது இறங்கும் என்று கவுஸ் பாஷாவைக் கேட்பார்கள். அவர் அடுப்பு மூட்டும் இடத்தைச் சுற்றித்தான் கிளப் நடக்கும். ஒருவர் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார். மீன் ஓடிவிடும் என்று ஹெலன் சொன்னால், மீனுக்கும் பாட்டுப் பிடிக்கும் என்பார்கள். உண்மையிலேயே உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள் அவளும் ஜான் பாஷாவும்தான். டெய்லர் கடை வைத்திருக்கும் ஜான் பாஷா வாயே திறக்க மாட்டார்.

எல்லோரையும்விட அவளைச் சோதித்தவர் கோதண்டராமன். ஆம்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் மனிதர். கிளப்பின் துணைத்தலைவர். நாலாயிரம் ரூபாய் ரீல், மடக்கும் நாற்காலி, பெரிய தொப்பி, எல்லாம் உண்டு. தூண்டில் நரம்பு சிக்கிக்கொண்டால் எடுக்கத் தெரியாது. ஹெலன்தான் உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பாள். அவர் பக்கத்தில் நின்று, போன தடவை தப்பித்துப் போன மீனின் நீளத்தைக் கையால் காட்டிக்கொண்டிருப்பார். மூன்று வருஷத்தில் அவர் பிடித்தது ஏழு மீன். அவள் நோட்டில் அது இருக்கிறது.

இந்த வருஷம் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு போட்டி வைத்தார்கள். வாணியம்பாடிக்குத் தெற்கே மலையடிவாரத்து ஏரி, மழைக்கு நிரம்பிக் கிடந்தது. மாலை நாலு மணிக்குள் யார் பிடித்த மீன் எடை அதிகமோ அவருக்குக் கப்பு. எடை போட்டுக் கையெழுத்துப் போட வேண்டியவள் ஹெலன். கோதண்டராமன் அன்றைக்கு வேனில் ஏறாமல் காரில் வந்தார். கூடவே அரக்கோணத்திலிருந்து வந்திருந்த சம்பந்தியையும் அழைத்து வந்தார். போன வருஷம் கல்யாணம் ஆன மகளின் மாமனார். சம்பந்தி எதிரில் கோதண்டராமனின் குரல் வழக்கத்தைவிட ஓங்கி ஒலித்தது.

ஜான் பாஷா காலையிலிருந்து வெயிலில் அசையாமல் உட்கார்ந்து அறுநூற்று இருபது கிராமில் ஒரு ரோகு பிடித்தார். மற்றவர்கள் கையில் சின்னச் சின்ன ஜிலேபிகள். ஹெலனுக்கு ஒன்றுமே மாட்டவில்லை. பாதி நேரம் அடுத்தவர் நரம்பைப் பிரிப்பதிலேயே போய்விட்டது.

மூன்றரைக்கு, வேலிக்காத்தான் புதருக்கு அந்தப் பக்கமிருந்து கோதண்டராமனின் சத்தம் கேட்டது. ஒரு கட்லாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தராசில் மாட்டினால் மூன்று கிலோ எண்ணூறு. எல்லோரும் பிரியாணித் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். கவுஸ் பாஷா அவரைக் கட்டிக்கொண்டார்.

மீனைத் தராசிலிருந்து இறக்கும்போது ஹெலனின் விரல் சில்லிட்டது. வெயிலில் ஏரித்தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கிறது, இது மட்டும் எப்படி இவ்வளவு குளிர்ச்சி? கண் குழிவிழுந்து வெள்ளை படர்ந்திருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தாள். காவி நிறம். உதட்டில் தூண்டில் முள் குத்தின ஓட்டை இருந்தது, ரத்தம் ஒரு சொட்டு இல்லை. செத்து ஒரு நாளாவது ஆன மீன்.

அவளுக்குக் கோபத்தைவிடச் சலிப்புதான் முதலில் வந்தது. கோதண்டராமனை வேனுக்குப் பின்னால் வரச் சொன்னாள்.

“சார், இது மார்க்கெட் மீனு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவர் முதலில் மறுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கல்யாணம் பேசும்போதே, தான் கிளப் சாம்பியன் என்று சொல்லி வைத்துவிட்டாராம். சம்பந்தி அதைப் பார்க்கவே அரக்கோணத்திலிருந்து வந்திருக்கிறாராம். “அந்த மனுஷன் எதிர்ல என் மானத்த வாங்காத ஹெலன்மா. எம் பொண்ணு அங்கதான் இருக்குது.”

மக்பூல் பாயும் அங்கே வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் தாடியைத் தடவினார். ஒரு பித்தளைக் கப்புக்காக இவ்வளவு பேஜார் எதற்கு, எழுதிக் கொடுத்துவிடு என்றார்.

“காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம உக்காந்திருக்காரு ஜான் பாஷா. அவருக்கு நான் இன்னா பதில் சொல்றது பாய்?”

கடைசியில் ஹெலன்தான் வழி சொன்னாள். போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாகக் கோதண்டராமனே அறிவிக்கட்டும். காரணத்தை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

கோதண்டராமன் போய் நடுவில் நின்றார். தொண்டையைச் செருமினார். தான் துணைத்தலைவர் என்பதால் பரிசைத் தானே வாங்கிக்கொள்வது முறையல்ல என்றும், மூன்று கிலோ எண்ணூறைப் பொருட்படுத்தாமல் அடுத்த இடத்தில் இருக்கும் சகோதரர் ஜான் பாஷாவுக்குக் கப்பை விட்டுக்கொடுப்பதாகவும் சொன்னார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. யாரோ அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். ஜான் பாஷாவே அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சம்பந்தியும் கைதட்டினார். ஹெலன் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு தக்கைகளைப் பொறுக்கப் போய்விட்டாள். அங்கே நின்றால் வாயில் ஏதாவது வந்துவிடும் போலிருந்தது.

வேன் கிளம்பும் முன்பு சம்பந்தி மெதுவாக அவளிடம் வந்தார். மெலிந்த, வேட்டி கட்டிய பெரியவர்.

“அந்த மீனு கார்ல என் காலுக்கடியிலதாம்மா வந்துச்சு,” என்றார். “ஐஸ் பெட்டி ஒழுகி வேட்டியெல்லாம் நனைஞ்சுபோச்சு.”

ஹெலன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “தெரிஞ்சுதான் கை தட்டினீங்களா?”

“எம் மருமவளோட அப்பா. வேற இன்னா பண்ணச் சொல்ற? அந்த மீன வூட்டுக்குக் குடுத்தனுப்பறேன்றாரு. போற வழியில எங்கயாச்சும் போட்டுடறேன். நீ கவலப்படாத.”

வீட்டுக்கு வந்து அவள் ராஜினாமாவை எழுதிக் கிளப் வாட்ஸ்ஆப்பில் போட்டாள். நாலு பேர் கும்பிடும் கை அனுப்பினார்கள். ஒருவர் ரோஜாப்பூவோடு குட் நைட் சொன்னார். யாரும் அதைப் படித்ததாகவே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை, அடுத்த வாரம் வேன் எத்தனை மணிக்கு என்று கவுஸ் பாஷா கேட்டிருந்தார்.

கோதண்டராமன் மூன்று வாரம் வரவில்லை. வராதது நிம்மதி என்றுதான் ஹெலன் நினைத்தாள். நர்சிங் படிக்கும் மகள் கிறிஸ்டினாவைப் பார்க்க ஒரு சனிக்கிழமை வேலூருக்குக் கிளம்பினாள். காட்பாடிக்கு டிக்கெட் எடுக்க ஸ்டேஷனில் வரிசையில் நின்றபோது கவுண்டரில் அவர்தான் இருந்தார். டிக்கெட்டையும் மீதியையும் தள்ளினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஊர்ல யார்கிட்டயாச்சும் சொன்னியா?” என்று கேட்டார்.

“சொல்லல சார்.”

“சம்பந்திக்குத் தெரியாது இல்ல?”

ஒரு நிமிஷம் அவளுக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று இருந்தது. பின்னால் நின்றவர் வண்டி வந்துவிட்டது என்று அவசரப்படுத்தினார்.

“தெரியாது,” என்றாள். “நாளைக்கு வாங்க. நரம்பு சிக்கு எடுக்கறது எப்படின்னு காட்டறேன். இனிமே நான் எடுத்துத் தர மாட்டேன்.”

மறுநாள் அவர் வந்தார். கரையில் அவளுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஒரே சிக்கை அவிழ்த்தார். அவிழ்த்த பிறகு பேச ஆரம்பித்தார். கொஞ்சம் சும்மா இருங்க சார் என்று ஹெலன் சொன்னாள். கால் மணி நேரம் சும்மா இருந்தார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒன்றும் மாட்டவில்லை.