ராசாத்தாள் பின்னிய பெயர்

1936இல் ராசாத்தாளுக்கு முப்பத்தொரு வயது. அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, பீளமேட்டில் ஒரு மில்லுக்கு நூல் சுற்றும் வேலைக்கு வந்தவள். கணவன் செங்கோடனுக்கும் அங்கேதான் வேலை. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

அந்த ஆண்டு அடுத்த தெருவில் மாதர் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில், கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா வகுப்பு தொடங்கினார்கள். வாரம் பூராவும் நூலோடு கிடப்பவள் லீவு நாளிலும் நூலைத் தேடிப் போவானேன் என்று செங்கோடன் கேட்டான்.

"அங்க நூலு அதுபாட்டுக்கு ஓடுதுங்க. இங்க நா இழுத்தாத்தான் வருது" என்றாள்.

வகுப்பு நடத்திய அம்புஜம் அவளைவிட ஐந்து வயது இளையவள். மூன்று மாதம் ஒற்றை நிறத்தில் பழக்கிவிட்டு, இரண்டு நிறத்துக்கு வந்தாள். சிவப்பில் பின்னும்போது வெள்ளை நூலையும் கண்ணிகளுக்குள் மறைத்தபடி கூடவே கொண்டுபோக வேண்டும். வெள்ளைக்கு மாறும் நேரத்தில் சிவப்பு உள்ளே மறைந்துவிட வேண்டும்.

"ஒரு கண்ணிய முடிக்கறப்பவே அடுத்த நெறத்தக் கொக்கியில மாட்டிப்போடோணுமுங்க. முடிச்சப்பறம் மாட்டுனா ஓரம் கோணிக்கும்" என்றாள் அம்புஜம்.

ஆளுக்கொரு பை, அதில் அவரவர் பெயர். கட்டம் போட்ட காகிதத்தில் பெயர்களை நிரப்பிக் கொடுத்து, வலது ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, அவள் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போய்விட்டாள்.

ராசாத்தாளுக்கு நொட்டாங்கைப் பழக்கம். சோறு உண்பதும் திருநீறு பூசுவதும் தவிர எல்லாம் இடது கைதான். கட்டங்களை ஒன்றுவிடாமல் எண்ணி, பதினைந்து நாளில் எல்லாருக்கும் முன்னால் பையை முடித்துவிட்டாள்.

ஊரிலிருந்து திரும்பிய அம்புஜம் பையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து அதன் எதிரே பையைப் பிடித்தாள்.

"இதுல பாருங்கக்கா. கண்ணாடிக்குள்ளதான் உங்க பேரு நேரா இருக்குது. பையில திரும்பிக் கெடக்குது."

ராசாத்தாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டந்தானுங்க தெரியுது" என்றாள்.

வலது கையில் பின்னுவோர் வலமிருந்து இடமாகப் போவார்கள். இவள் இடமிருந்து வலமாகப் போயிருக்கிறாள். அம்புஜத்துக்கு அது அப்போதுதான் உறைத்தது. வலது கைக்கு மாறிப் பார்க்கச் சொன்னாள். ராசாத்தாள் இரண்டு வாரம் முயன்றாள். கண்ணிகள் தொளதொளவென்று விழுந்து, உள்ளே மறைய வேண்டிய நூல் வெளியே பல்லைக் காட்டியது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஊசியை மறுபடி இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவள் காகிதத்தை எதேச்சையாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள். மை பின்பக்கமும் தெரிந்தது. கண்ணாடிக்குள் பெயர் நேராகிறது என்று அம்புஜம் சொன்னது நினைவுக்கு வந்தது.

"ஏனுங்க டீச்சர், கடுதாசியப் பொறட்டிப் போட்டுக்கிட்டு எண்ணுனா ஆகாதுங்களா?"

அம்புஜம் விரலால் கட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஆகுமுங்க" என்றாள்.

ராசாத்தாள் பழைய பையை முழுக்கப் பிரித்தாள். சுருண்டு போயிருந்த நூலை நனைத்து, கல் கட்டித் தொங்கவிட்டு நேராக்கினாள். இந்த முறை பின்னும்போது எழுத்துகளைக் கவனித்தாள். தன் பெயரில் ஒரே துணைக்கால் மூன்று இடத்தில் வருவதைக் கண்டுபிடித்து, அது ஏன் என்று அம்புஜத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்தப் பெயருக்கு மேல் அவள் எதுவும் படிக்கவில்லை.

மில்லில் ஒரு சம்பள நாளில், கைரேகை வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவைக் கேட்டாள். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், ரேகையே போதும் என்றார் கிளார்க். அவளும் விரலை மையில் ஒற்றிவிட்டு வேலைக்குப் போனாள்.

பிறகு சில வருஷங்கள், தெருவில் யார் கேட்டாலும் பெயர் போட்ட பை பின்னிக் கொடுத்தாள். பெயரை யாராவது கட்டத்தில் எழுதித் தர வேண்டும். அதை வாங்கியதும் புரட்டிப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்குவாள்.