டிரைவர் வந்தாச்சு

அந்த பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் காதுபட யாரும் "டிரைவர் வந்தாச்சு" என்று சொல்லக்கூடாது. புதிதாகச் சேர்ந்த கண்டக்டர்கள் தெரியாமல் வாயை விட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். "என்ன வந்தாச்சு? யாரு வந்தாங்கன்னு சொல்லு. பேரைச் சொல்லு" என்று மனிதர் எரிந்து விழுவார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். விஷயம் தெரிந்த பழைய டிரைவர்கள் சிரிப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுக்கப் போய்விடுவார்கள்.

இத்தனைக்கும் அந்த நிலையத்தில் அந்த வார்த்தையை அதிகம் சொன்னவர் அவர்தான். கம்பி போட்ட சின்ன அறை, அதற்குள் ஒரு மேஜை, ஒரு மைக். மைக் கெட்டுப்போனால்கூட யாருக்கும் தெரியாது, தொண்டை அப்படி. "டிரைவர் வந்தாச்சா? கண்டக்டர் வந்தாச்சா? அப்போ கெளம்ப வேண்டியதுதான்!" காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை இதே பாட்டு. வீட்டுக்குப் போனாலும் அந்தத் தொண்டை அடங்காது. துண்டு எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் "தட்டு வந்தாச்சு, கெளம்பலாம்" என்பார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள்.

மனைவியை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த அம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. சாயங்காலமானால் உள்ளங்கை அகலச் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள். பின்னத்தில் மேலே இருப்பது மூன்றா எட்டா என்று தெரியாமல் கண்ணை இடுக்கி இடுக்கித் தலைவலி வாங்கிக்கொண்டாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் டைம் கீப்பர் கம்ப்யூட்டர் கட்டுகிற வேலையில் இறங்கினார்.

ஆமாம், கட்டுகிற வேலைதான். முழுசாக வாங்கினால் கடைக்காரன் தலையில் கட்டிவிடுவான் என்று, ஒவ்வொரு பாகமாக வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து, உள்ளறையில் தானே பூட்டினார். பஸ் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவருக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கச் சொல்லித் தர வேண்டுமா? ஒரே தட்டலில் விசிறி சுற்றியது, திரை வெளிச்சம் காட்டியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. சத்தம் வராத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டீச்சர் எப்படிப் பாடம் நடத்துவாள்? பாகம் விற்ற கடைக்காரத் தம்பியிடம் கேட்டார். "டிரைவர் போடணும் அண்ணே" என்றான் அவன். "நான் தினம் ஐம்பது டிரைவருக்கு டூட்டி போடுறேன், எனக்கே டிரைவரா?" என்று இவர் சிரித்த சிரிப்பில் அவனும் சிரித்துவிட்டான். ஒரு சாதனத்தை இயக்கத் தெரிந்த சின்ன நிரல்தான் அந்த டிரைவர், இணையத்திலிருந்து இறக்கிப் போட வேண்டும் என்று பிறகு விளக்கினான். விடுமுறை நாளாகப் பார்த்து உட்காருங்கள், நான் போனிலேயே சொல்லித் தருகிறேன் என்றான்.

அந்த விடுமுறை நாள் விடிந்த விதமே சரியில்லை. டீச்சர் எழுந்ததிலிருந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தாள். கேட்டால் வாயு என்றாள். தாடை வலிக்கிறது என்றாள், அதற்கும் வாயுதான். விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தும் அவளுக்கு நெற்றி வியர்ப்பதை டைம் கீப்பர் பார்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. உடனே கொண்டு வாருங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், எதில் வந்தாலும் சரி, படியில் மட்டும் ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள் என்றார். வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம்.

ஆம்புலன்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் டீச்சர் முகம் மாறிவிட்டது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும், பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாளைக்கே வகுப்பை நிறுத்திவிடுவார்கள், மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அன்றைக்கு இந்த மனுஷன் ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். பஸ் நிலையத்தையே நடுங்க வைக்கிற தொண்டை, அது எதற்குத்தான் இருக்கிறது? வீட்டில் அது தட்டுக்கும் துண்டுக்கும்தான் பயன்பட்டது. அடுத்த தெரு டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டார். அவருக்கு ஊரில் நிதானம் என்று பெயர். மாட்டு வண்டிகூட அவரை முந்திக்கொண்டு போகும் என்பார்கள். சவாரி ஒன்றை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு நேரே வருகிறேன் என்றார் நிதானம். அவர் வந்ததும் இரண்டு பேருமாக டீச்சரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவது என்று முடிவாயிற்று.

"நான் என்ன பல்லக்குல போற மகாராணியா?" என்றாள் டீச்சர். "ரெண்டு ஆம்பளைங்க என்னைத் தூக்கிட்டுப் போறதை மாடி மாடியா எல்லாரும் நின்னு பார்க்கணுமா? மானம் போயிடும்."

"போனா போகட்டும். டிரைவர் வந்ததும் சொல்றேன். அதுவரைக்கும் படுத்திரு, எழுந்திருக்காதே."

அவர் கட்டிலருகிலேயே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அது பொறுக்கவில்லை. இப்படிப் பிணத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி உட்காராதீர்கள், போய் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சத்தம் வர வையுங்கள், சாயங்காலம் வகுப்பு இருக்கிறது என்று விரட்டினாள். அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்றது. வாயில் நல்ல வார்த்தையே வராதா உனக்கு என்று முனகிக்கொண்டே உள்ளறைக்குப் போனார். சாயங்காலம் வகுப்பு எடுப்பேன் என்கிறாளே, அப்படியானால் ஒன்றும் இருக்காது என்று மனசு அதையே பிடித்துத் தொங்கியது.

கடைக்காரத் தம்பி போனில் காத்திருந்தான். சத்தத்துக்கான டிரைவரை இறக்கினார். போட்டார். ஏற்கவில்லை. மறுபடி போட்டார். அதே சிவப்புப் பெருக்கல் குறி. இந்த மதர்போர்டு, எல்லாப் பாகத்தையும் பூட்டியிருக்கிற அந்தப் பலகை, கொஞ்சம் பழைய சரக்கு, முதலில் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கிற அடிப்படை நிரலைப் புதுசாக்க வேண்டும், அப்புறம்தான் டிரைவர் உட்காரும் என்றான் தம்பி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க அண்ணே. அது ஓடும்போது நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு செத்துப்போயிடும். அப்புறம் யாராலயும் எழுப்ப முடியாது."

டைம் கீப்பர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அந்த அறையின் பிளக் பாயிண்ட் ஆடிப்போன பல் மாதிரி. லேசாக ஒயர் பட்டாலே விட்டுவிடும். செத்துப்போயிடும் என்று இவன் வேறு சொல்கிறானே, இன்றைக்குப் பார்த்தா எல்லார் வாயிலும் இந்த வார்த்தை வர வேண்டும் என்று எரிச்சலாக வந்தது. எழுந்து போய் எட்டிப் பார்த்தார். டீச்சர் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். போர்வை மேலும் கீழும் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தார்.

பயாஸ் கோப்பு இறங்கியது. புதுசாக வந்திருந்த சத்தத்துக்கான டிரைவரும் கூடவே இறங்கியது. இனி கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி கிளப்ப வேண்டியதுதான் பாக்கி. எல்லாம் தயாரா, டிரைவரும் வந்துவிட்டதா என்று தம்பி கேட்டான். பயத்தில் இருக்கிற மனுஷனுக்குப் பழகின வேலைதான் ஊன்றுகோல். கம்பி போட்ட அறையில் உட்கார்ந்திருக்கிற நினைப்பு வந்துவிட்டதோ என்னவோ, தொண்டையைத் திறந்து சொன்னார்.

"டிரைவர் வந்தாச்சு! எல்லாம் ரெடி. கெளம்ப வேண்டியதுதான்!"

சொல்லிவிட்டு மறுபடி கிளப்பினார். திரை கறுத்தது. பிறகு வெள்ளை எழுத்தில், புதுப்பிக்கப்படுகிறது, மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்று வந்தது. கீழே ஒரு கோடு எறும்பு ஊர்வதுபோல் நகர ஆரம்பித்தது. டைம் கீப்பர் தரையில் குந்தி, பிளக்கை இரண்டு கையாலும் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வாசல் கதவு தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கேட்கத்தான் செய்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தார். "டீச்சர், தூங்கிட்டியா?" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. நல்லதாகப் போயிற்று, தூங்கட்டும், நிதானம் வருவதற்குள் கொஞ்சம் தெம்பு வரும் என்று நினைத்து மெல்ல மூச்சு விட்டார். பிளக்கை விட்டுவிட்டு எழுந்து நாலு எட்டு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். கோடு பாதிகூடத் தாண்டவில்லையே என்று கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு முறை கம்ப்யூட்டருக்குள் விசிறி நின்று மறுபடி சுற்றியது, அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. எதற்குப் போய் உயிர் போகிறது பாருங்கள்.

கோடு முடிந்தது. கம்ப்யூட்டர் எழுந்து வந்தது. சத்தத்துக்கான டிரைவரைப் போட்டார், இந்த முறை மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தது. ஒலிபெருக்கியிலிருந்து மணி மாதிரி ஒரு சின்ன ஓசை வந்தபோது அந்த வயதிலும் எழுந்து குதிக்காத குறைதான். தம்பிக்கு நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு, சத்தம் வந்துவிட்டது என்று சொல்லப் படுக்கையறைக்கு ஓடினார்.

கட்டில் காலியாக இருந்தது. போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. டீச்சரின் செல்போன் தலையணைக்கு அருகில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. வாசலில் அவள் செருப்பைக் காணவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது.

"சார், இப்பதான் வந்தேன், டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் நிதானம். "நாற்காலி வேணும்னு சொன்னீங்களே. டீச்சர் ஏற்கனவே கீழதான் இருக்காங்க. படியில உக்கார்ந்திருக்காங்க." பிறகு, "கூப்பிட்டுப் பார்த்தேன் சார். நிமிர மாட்டேங்கிறாங்க" என்றார்.

மூன்று மாடியை எப்படி இறங்கினார் என்று அவருக்குத் தெரியாது. டீச்சர் கடைசிப் படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, புடவைத் தலைப்பை ஒழுங்காக இழுத்துச் செருகியிருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. தொட்டால் ஈரமும் குளிருமாக இருந்தது. கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தாள். அவரைத் தேடி, கண்டுபிடித்து, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"டிரைவர் வந்தாச்சு, கெளம்பலாம்னீங்க. எவ்வளவு நேரமா உக்கார்ந்திருக்கேன், ஒருத்தரையும் காணோமே."

டைம் கீப்பருக்கு அப்போதுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எதைக் கேட்டாள், எதற்காக எழுந்தாள், நாற்காலி வருவதற்குள் யார் கண்ணிலும் படாமல் எப்படி ஒவ்வொரு படியாக இறங்கியிருப்பாள் என்று எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தது. அது இந்த டிரைவர் இல்லைம்மா என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லி என்ன ஆகப்போகிறது? திரும்ப ஏற மூச்சு இல்லாமல், கூப்பிடக் கையில் போனும் இல்லாமல், அவள் இவரை நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"தோ, வந்துட்டாரு" என்றார்.

இரண்டு பேருமாகத் தூக்கிக் காரில் கிடத்தினார்கள். பிறந்ததிலிருந்து வேகமாக ஓட்டாத நிதானம் அன்றைக்கு எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை. பின் இருக்கையில் டீச்சர் தலை டைம் கீப்பர் மடியில் இருந்தது. பாதி வழியிலேயே அந்தத் தலை கனத்துவிட்டது. அவர் அதை நிதானத்திடம் சொல்லவில்லை. சொன்னால் கார் மெதுவாகிவிடும் என்று பயந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, கண்ணை விரித்துப் பார்த்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். காலையில் போனில் சொன்ன அதே டாக்டர்தான். அவருக்கும் ஆற்றாமையாகத்தான் இருந்திருக்கும்.

"படியில நடக்க விடாதீங்கன்னு அவ்வளவு சொன்னேனே. யாரு இவங்களை இறங்கி வரச் சொன்னது?"

நிதானம் இவர் முகத்தைப் பார்த்தார். பஸ் நிலையத்தில் மைக் இல்லாமலே கேட்கிற அந்தக் குரல், பக்கத்தில் நின்ற நிதானத்துக்கே கேட்காத அளவுக்குச் சன்னமாக வந்தது.

"நான்தான் டாக்டர்" என்றார் டைம் கீப்பர். "நான்தான் கெளம்பச் சொன்னேன்."