கிடங்கில் பூட்டிக் கிடந்த என் கல்யாண மஞ்சள்

என் கல்யாணம் தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் ஒரு வாரத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டவில்லை. என் அண்ணன் அரசாங்கத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர். கப்பலில் வந்து இறங்கும் உணவுச் சரக்கை ஊருக்குள் விடலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பாவோ சிராங்கூன் ரோட்டில் பெரிய மளிகைக் கடைக்காரர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பருப்பு, மிளகாய், மஞ்சள் எல்லாம் அவர் பேருக்குக் கப்பலில் வரும். இந்த இரண்டு வீட்டையும் சேர்த்து வைத்த தரகர் நல்ல கெட்டிக்காரர் என்று ஊரே பேசிக்கொண்டது. எப்படிப் பார்த்தாலும் வில்லங்கம்தான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

சட்டம் ஒன்றும் புரியாத புதிர் இல்லை. தின்கிற பொருள் எது வந்தாலும் மாதிரி எடுக்கலாம். அதை மூன்று பங்காக்கி முத்திரை வைப்பார்கள். ஒன்று சரக்குக்காரருக்கு, ஒன்று அரசாங்க ரசாயனக்காரருக்கு, இன்னொன்று வழக்கு வந்தால் காட்டுவதற்கு. ஆகாத சாயம் இருந்தால் அந்த மூட்டை கிடங்கைத் தாண்டாது. மூட்டைக்குச் சொந்தக்காரர் யார், யாருக்குச் சம்பந்தி என்றெல்லாம் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. எங்கள் சனங்களுக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

தாம்பூலச் செலவு தன்னுடையது என்று மாப்பிள்ளையின் அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு நல்ல விரலி மஞ்சளும் பையில் போட வேண்டும். கடைக்கு வழக்கமாக வரவழைக்கும் பருப்பு, மிளகாயோடு இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். "மகன் கல்யாணம். பளபளன்னு அனுப்பு" என்று அந்தப் பக்கத்து வியாபாரிக்குச் சொல்லியனுப்பினாராம். அந்த மனுஷன் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. ஒரு மஞ்சள் மூட்டை விடாமல் அத்தனையிலும் ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் போட்டுப் புரட்டி, தங்கம் மாதிரி மினுக்கி அனுப்பிவிட்டார்.

மூட்டையின் மேல் சம்பந்தியின் கடைக் குறியைப் பார்த்ததுமே அண்ணன் தன் துரையிடம் போய், "இது என் தங்கச்சியை எடுக்கப் போகிற வீட்டுச் சரக்கு, வேறு ஆளை வைத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். வேறு ஆள்தான் மாதிரி எடுத்தார். சாயம் வேறு ஆளுக்குப் பயந்து ஓடிவிடுமா என்ன? ரசாயனக்காரர் சொன்ன மறுநாளே மூட்டைகளைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

சம்பந்தி சும்மா இருப்பாரா? நேராகத் துரையிடம் போனார். "அது திங்கிற மஞ்சள் இல்ல சார், தாம்பூலத்துல வைக்கிற மஞ்சள். சாமி காரியத்துக்கு. உங்க சட்டம் திங்கிற பொருளுக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறார். துரை யோசித்திருக்கிறார். உணவு இல்லையென்றால் அந்தச் சட்டத்துக்கு அதில் வேலையில்லை, விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் தாம்பூலத்தைப் பற்றி வெள்ளைக்காரருக்கு என்ன தெரியும்? அண்ணனைக் கூப்பிட்டு, "இதை உங்கள் ஆட்கள் தின்பார்களா, மாட்டார்களா? திங்கட்கிழமை இரண்டு பேரும் வந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டார்.

அன்று சாயங்காலமே தரகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை.

"தம்பி திங்க மாட்டோம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்லா. சொல்லலன்னா அந்த வீட்ல கல்யாணப் பேச்சே வேணாங்கிறாங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. கல்யாணம் யாருக்கு என்பதே மறந்துபோயிற்று போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தரகர் போனதும் கேட்டேன். "அண்ணே, என்ன சொல்லப் போறீங்க?"

"திங்கிறோம்னுதான். வேற என்ன சொல்ல முடியும்? ஆனா உன்னை நெனைச்சா..."

"என்னை நெனைக்க வேணாம். உள்ளதைச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எங்கள் அடுப்படியிலேயே இருந்தது. ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் தாம்பூலப் பையிலிருக்கும் மஞ்சளை அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். டின் நிறைந்ததும் மில்லுக்குப் போகும், பிறகு குழம்புக்கு வரும். இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. மங்கலப் பொருளைக் குப்பையில் போட எந்தத் தமிழச்சிக்கு மனசு வரும்? ஆம்பளைகளுக்குத்தான் தட்டில் வந்து விழுகிற வரைக்கும் எதுவும் தெரியாது.

வெள்ளிக்கிழமை, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினேன். தாலி ஏறுவதற்கு முன்னால் பெண் தானாக மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது அந்தக் காலத்தில் கேள்விப்படாத சங்கதி. வீட்டுக்குக் கீழே இருந்த கடையில் மாப்பிள்ளை துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டார். பருப்பு வாங்க வந்த கிழவர் அவரைத் திட்டினார்.

"மாமா மேல இருக்காங்களா?" என்றேன்.

"இருக்காரு. ஆனா கோவமா இருக்காரு."

"நானும் கோவமாத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

மாமா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிளாஸ் பாதியில் நின்றது. நான் அவரைத் தாண்டி, சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அத்தையிடம் நேராகப் போனேன்.

"அத்தை, கல்யாண வீடுகள்ல குடுக்கிற மஞ்சளை எங்க வச்சிருக்கீங்க?"

பாவம், அத்தைக்கு ஒரு சூதும் தெரியாது. வருகிற மருமகள் சிக்கனமாகக் கேள்வி கேட்கிறாளே என்று முகமெல்லாம் பூரித்து, அலமாரிக்கு மேலிருந்து ஒரு ஜாடியை இறக்கிக் கொண்டுவந்தார். உள்ளே விரலி மஞ்சள், சிலவற்றில் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒன்னைக்கூட வீணாக்க மாட்டேம்மா. நெறைஞ்சதும் மில்லுக்கு அனுப்பிடுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கொழம்புதான்."

எனக்குப் பின்னால் மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளைதான். கடையை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்திருக்கிறார்.

"நேத்து வச்ச மீன் கொழம்புலயுமாம்மா?"

"இதே தூள்தான்டா. ஏன், நல்லாத்தானே சாப்பிட்ட?"

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். அந்த ஜாடியை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"யாரு உன்னை அனுப்பினது? உங்கண்ணனா?"

"யாரும் அனுப்பல மாமா. பஸ்ஸுல வந்தேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, எனக்கு வாய் அப்படி. "திங்கக்கிழமை நீங்க திங்கிறதில்லன்னு சொல்வீங்க. எங்கண்ணன் திங்கிறோம்னு சொல்வாரு. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாருன்னு துரைக்கே தெரிஞ்சிடும். பொய் சொல்ற வீட்டோட யாரு சம்பந்தம் வச்சுக்குவா? நீங்களே சொல்லுங்க."

அவர் "போய்ட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னார். அது வழியனுப்புகிற வார்த்தையா, கையைக் கழுவுகிற வார்த்தையா என்று எனக்குப் பிடிபடவில்லை. தைரியமாகப் பேசினேனே தவிர, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த மனுஷரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. பருப்பு நிறுப்பதைப் பாதியில் விட்டு எழுந்தாரே, அந்த ஆளைச் சொல்கிறேன்.

சனியும் ஞாயிறும் அந்த வீட்டிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. திங்கட்கிழமை அண்ணன் ஆபீசுக்குப் போனபோது மாமா அவருக்கு முன்னாலேயே வந்து துரையின் அறை வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே போனதும் அண்ணனை வாய் திறக்க விடவில்லை. "இது திங்கிறதுதான் சார். என் வீட்லயே தின்னிருக்கோம். எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, மூட்டைகளை அழித்துவிடச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். வெளியே வந்து படி இறங்கும்போது அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே ஒரு கேள்வி கேட்டாராம்.

"பந்தக்கால் என்னைக்கு ஊன்றீங்க?"

அண்ணன் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அம்மா அழுதார். நான் அழவில்லை. எழுந்து போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நேரமில்லை. தேக்கா சந்தையில் மலாய்க்காரம்மாக்கள் விற்கும் பச்சைக் குன்யிட்டைத்தான் வாங்கினோம். மண்ணும் வேருமாக, சூம்பிய விரல் மாதிரி இருந்த அந்தப் பச்சை மஞ்சளை அத்தை தொட்டித் தொட்டியாகக் கழுவினார். கழுவியும் அது அழகாகவில்லை. கல்யாணத்தன்று தாம்பூலப் பையைத் திறந்து பார்த்த பெண்கள், இவ்வளவு பெரிய மளிகைக்காரருக்கு ஒரு நல்ல மஞ்சள் கிடைக்கவில்லையா என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். மாமா வாசலில் நின்று தன் கையாலேயே பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும், "தைரியமா கொழம்புல போடுங்க" என்றார். விவரம் தெரியாதவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் என் அண்ணன் வந்தார். மாமா அவருக்குப் பையை நீட்டினார். வேலைப் பழக்கம் போகுமா? அண்ணன் கிழங்கை வெளியே எடுத்து நகத்தால் சுரண்டி, சுரண்டிய விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டார். பார்த்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற எனக்கு, எல்லாம் கூடி வந்த நேரத்தில் இப்படியா என்று ஆகிவிட்டது.

மாமா அண்ணனின் மஞ்சள் கறை விரலைப் பிடித்துக்கொண்டார். அண்ணனையும் முறை சொல்லிக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பாஸா, மாப்பிள்ளை?"

"பாஸ் மாமா" என்றார் அண்ணன். அப்போதுதான் நான் அழுதேன்.