பத்தாவது பாட்டில் இருபது நொடி

என் தம்பியின் முதல் ஆல்பம் அவன் இறந்து ஏழு மாதம் கழித்துத் தயாரானது. உயிரோடிருந்தவரை "இன்னும் ரெடியாவலண்ணா" என்றே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். எதற்கும் ரெடியாகாமலேயே நான்கு புத்தகங்கள் போட்டுவிட்ட எனக்கு அந்தத் தயக்கம் புரிந்ததே இல்லை.

அவன் ராப் பாடுகிறவன். பகலில் வேங்கிக்காலில் ஒரு டூவீலர் ஷோரூமில் வேலை. மீதி நேரமெல்லாம் போனை வாயருகே பிடித்துக்கொண்டு, யாரோ வம்புக்கு வந்துவிட்டதுபோல மூச்சுவிடாமல் பேசுவான். ஒரு கை காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். 'குளவி கொட்டியவன் டாக்டரிடம் விளக்குவதுபோல' என்று அதை வைத்து ஒரு நகைச்சுவைக் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அதற்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். நான் செய்கிற எதற்கும் சிரித்து வைப்பது என்று சின்ன வயதிலேயே முடிவெடுத்திருந்தான்.

செங்கம் சாலையில் ஒரு காலை வேளையில் இறந்தான். லாரி. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நன்றாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

அவன் பாட்டுக்கு பீட், அதாவது தாளம், போட்டுக் கொடுத்த பெண் ஒருத்தி உண்டு. கலெக்டர் ஆபீஸ் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது தொழில். கடைக்குப் பின்னால் சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்திய ஓர் அறை. அதுதான் ஸ்டூடியோ. தம்பியின் போனை அவளிடம் கொடுத்தேன். அதிலிருந்த குரல்பதிவுகளை மூன்று வாரம் உட்கார்ந்து கேட்டு, பத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

அவன் எந்தப் பாட்டையும் தானே முழுதாகப் பாடியதில்லை. தன் வரிகளை முடித்துவிட்டு, இன்னொருவர் பதில் பாடுவதற்கு எட்டு பார் காலியாக விடுவான். ஒரு பார் என்பது நான்கு தட்டு. எட்டு பார் ஏறக்குறைய இருபது நொடி. அந்த இருபது நொடியும் பதிவில் அவன் விரல் சொடுக்குகிற சத்தமும், பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறியின் கடகடப்பும் மட்டுமே கேட்கும். பதில் பாடப்போவது யார் என்று முடிவாகாத பாட்டிலும் இடம் போட்டு வைத்திருந்தான். அவன் போன பிறகு வேலூர், ஆம்பூர், சென்னை என்று அவனுடைய சிநேகிதர்கள் அவரவர் ஊரில் பாடி அனுப்பினார்கள். ஒன்பது பாட்டின் காலியிடங்கள் நிரம்பின.

பத்தாவதற்கு ஆள் யாரென்று அவனே சொல்லியிருந்தான். எடுத்த எடுப்பிலேயே, "அண்ணா, இது உனுக்கு."

மெத்தை அறையில் ஹெட்போனை மாட்டிவிட்டு அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

கட்டிலோரம் ஸ்டூல் ஒண்ணு, குந்தியிருந்தது நானு,
கட்டுரைய எடுத்துப் பாத்தா குந்தியிருந்தது நீயி.
தண்ணின்னு மூணு தபா கேட்டாரு அப்பா,
தண்ணி கேட்ட வாயில நீ ஜோக்க வெச்ச.
டாக்டரு வேணான்னாரு, பஞ்ச நனைச்சு
உதட்டுல நான் வெச்சேன், அத நீ எங்க வெச்ச?

அப்புறம் சொடுக்கு. இருபது நொடி. கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. "யோசிச்சு சொல்லு."

விஷயம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு இறந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், டிக்கெட்டோடு ஒரு ஜோக்கையும் கிழித்துக் கொடுக்கிறவர் என்று பேர். அம்மா அப்போது கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். அப்பா பக்கத்தில் இருந்தவன் தம்பி. நான் இல்லை. நான்கு மாதம் கழித்து அப்பாவின் கடைசி மத்தியானம் பற்றி ஒரு மாத இதழில் எழுதினேன். அந்தக் கட்டுரையில் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். டிரிப் பாட்டிலைப் பார்த்துவிட்டு அப்பா என்னிடம் கேட்கிறார்: "சொட்டு சொட்டா வருதே, இதுவும் முனிசிபாலிட்டி லைன்தானா?" அதுதான் அவர் கடைசியாகப் பேசியது என்று முடித்திருந்தேன். முகம் தெரியாதவர்களெல்லாம் அழுதேன், சிரித்தேன் என்று எழுதினார்கள். நான் எழுத்தாளன் என்று நாலு பேருக்குத் தெரியும் என்றால் அந்த ஒரு பக்கத்தால்தான்.

அம்மா அதை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து அப்பா படத்துக்குக் கீழே மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் படித்துக் காட்டுவாள். "சாவும்போது கூட சிரிச்சிட்டுத்தான் போனாரு மனுஷன்." முதல்முறை படித்தபோது தம்பியும் இருந்தான். "அப்பிடியாடா சொன்னாரு?" என்று அவனைக் கேட்டாள். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். "ஆமாம்மா" என்றான். அதற்குமேல் எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே நடக்கவில்லை.

இனி மெத்தை அறைக்கு வருகிறேன். "இந்தப் பாட்ட லிஸ்ட்லருந்து எடுத்துடு" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"அண்ணா, அவர் வெச்சதுலயே பெஸ்ட் இதுதான். நீங்க பதில் போடுங்க."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. அவனே அம்மாகிட்ட மறைச்சவன்."

"மறைக்கணும்னா எதுக்குண்ணா ரெகார்ட் பண்ணாரு?"

அம்மாவுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு வசதி இருக்கிறது என்பது மட்டும் எனக்கே தெரிந்தது. சரி, நானும் எழுதுகிறவன்தானே என்று இரண்டு நாளில் எட்டு வரி எழுதிக்கொண்டு போனேன். எதுகையெல்லாம் கச்சிதம். ஐம்பத்திரண்டு வயதில், கண்ணாடி வழுக்க, மெத்தைச் சுவரைப் பார்த்துக் கையை வெட்டினேன். ஐந்தாவது வரியில் மூச்சு போய்விட்டது. அவள் பொறுமையாக மூன்று தரம் பதிவு செய்தாள்.

"வரியெல்லாம் சூப்பர்ணா. ஆனா அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கனு இன்னும் வரல."

"அப்போ பாட்டே வேணாம்."

"அம்மா கையெழுத்து இல்லாம எதையும் நெட்ல ஏத்த முடியாது. வாரிசு அவங்கதான். பத்தாவத எடுக்கணும்னா அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்லமாட்டேன்." பத்துப் பாட்டின் தலைப்பும் அச்சிட்ட சம்மதக் கடிதத்தை நீட்டினாள்.

சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்புகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பத்தாவதில் விரல் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"'முனிசிபாலிட்டி லைன்'. டேய், இது உங்கப்பா சொன்னதாச்சே! அத வெச்சு பாட்டு கட்டிருக்கானா?"

அவனே வைத்த தலைப்பு. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் கையெழுத்து. அந்தப் பொண்ண வரச் சொல்லு. இது கடைசில வரட்டும், ஆற அமரக் கேக்கணும்."

அவள் வந்தது பௌர்ணமியன்று மத்தியானம். வேறு நாளே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். தள்ளிப்போடுகிறவனுக்கு இப்படித்தான் அமையும். கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை வழியிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்தாள். முக்கால் மணி நேரம் தாமதம். அந்த முக்கால் மணி நேரமும் அவள் வராமலே போய்விடட்டும் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தேன். அத்தனை லட்சம் பேர் சுற்றுகிற அன்றைக்கு என் விண்ணப்பம் எந்த வரிசையில் இருந்ததோ.

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் பாட்டில் தம்பியின் குரல் வந்ததும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. இரண்டாவதில் ஆம்பூர்க்காரன் வந்தான்.

"யாரு இவன்? சாப்டானா இல்லியா? மூச்சு வாங்குதே."

நான்காவதில் ஒரு கெட்ட வார்த்தை. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதுக்கு இன்னா? உங்கப்பா பஸ்ல இதவிட ஜாஸ்தி பேசுவாரு" என்றாள் அம்மா என்னிடம்.

ஏழு. எட்டு. தெருவில் யாரோ ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஃபைல் கெட்டுப்போச்சு என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். பொய் வாக்கியம் அமைப்பதில் எனக்கு ஓரளவு பயிற்சி உண்டு.

ஒன்பதாவது முடிந்தது. அந்தப் பெண்ணின் விரல் கீபோர்டின்மேல் நின்றது. என்னைப் பார்த்தாள். "அண்ணா?"

"இன்னா அவன கேக்கற? போடும்மா" என்றாள் அம்மா.

"ஃபைல்..." என்றேன்.

"ஃபைலுக்கு இன்னாடா?"

அம்மாவின் முகத்தில் அப்போதே சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. அப்பாவின் ஜோக்கைக் கேட்பதற்காக வந்த சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல, எட்டு வருஷமாகச் செய்கிறேன். ஆனாலும் வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்ல. போடு."

"அண்ணா, இது உனுக்கு" என்றான் தம்பி.

முதல் இரண்டு வரிக்கும் அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. மூன்றாவதில் எங்கே போவது என்று தெரியாமல் உதட்டிலேயே நின்றது. பஞ்சு வந்தபோது இல்லை. பிறகு சொடுக்குச் சத்தம். பதிவில் ஓடிய மின்விசிறியும் எங்கள் தலைக்குமேல் ஓடிய மின்விசிறியும் ஒன்றேதான். இரண்டும் சேர்ந்து கடகடத்தன. இருபது நொடி எவ்வளவு நீளம் என்பது மேடையில் ஜோக் சொல்லி யாரும் சிரிக்காதபோது எனக்குத் தெரிந்திருக்கிறது. இது அதைவிட நீளமாக இருந்தது.

"யோசிச்சு சொல்லு."

"மறுபடி போடு" என்றாள் அம்மா.

மறுபடி கேட்டாள். முடிந்ததும் அந்தப் பெண்ணைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் கேட்டாள். "பஞ்சு யாரு குடுத்தா?"

"அவனே நர்ஸ் ட்ரேலருந்து எடுத்தானாம். அன்னிக்கு நான் வந்ததும் சொன்னான்."

"எங்கருந்து வந்த?"

"விழுப்புரம்."

"அங்க இன்னா?"

"நகைச்சுவை மன்றக் கூட்டம். பேசிட்டிருந்தேன். போன சைலண்ட்ல வெச்சிருந்தேன்."

"எதப் பத்திப் பேசின?"

"அப்பாவப் பத்தி."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

அந்தப் பெண் ஸ்பீக்கர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மா அவளிடம் சுவரைக் காட்டினாள். "அத எடும்மா." லேமினேட் செய்த கட்டுரையை ஆணியிலிருந்து கழற்றி அம்மாவின் மடியில் வைத்தாள் அவள்.

"அந்த ஜோக்கு?" என்றாள் அம்மா.

"நான் எழுதினது."

"அவரு சொல்லவேல்லியா?"

"இல்ல. தண்ணிதான் கேட்டாரு."

அம்மா அந்த வரியைத் திரும்ப ஒருமுறை தனக்குள் படித்தாள். உதடு அசைந்தது. "அவரு சொல்ற மாதிரியே இருக்கு."

என் எழுத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை. இதைவிட வலித்ததும் இல்லை.

சம்மதக் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு எழுத்தாக. பிறகு பேனாவையும் கட்டுரையையும் என்னிடம் நீட்டினாள். "அடி."

ஜோக்கின்மேல் பேனாவை வைத்தேன். லேமினேஷன்மேல் பால்பாயிண்ட் எழுதவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தப் பெண் பையைத் துழாவி ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்துக் கொடுத்தாள்.

"ஜோக்க அடிக்காத" என்றாள் அம்மா. "அது இருந்துட்டுப் போவட்டும். ஸ்டூல்ல குந்தினிருக்கியே, அத அடி."

அடித்தேன். அந்த ஒரு பக்கத்தில் நான் பதினோரு இடத்தில் இருந்தேன். மூன்றாவதோடு விட்டுவிடலாமா என்று நிமிர்ந்தேன். "இன்னும் கீது" என்றாள். முடிகிறவரை பக்கத்திலேயே இருந்து விரலால் காட்டினாள். பிறகு அதை அவளே எடுத்துப் போய் ஆணியில் மாட்டினாள். சாப்பாடு போட்டாள், ரசம் வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை, ஊற்றினாள்.

அடுத்த வாரம் மெத்தை அறைக்குப் போனேன். காகிதம் கொண்டுபோகவில்லை. ஹெட்போனில் தம்பி பாடி முடித்தான், சொடுக்கு ஆரம்பித்தது. எதுகை இல்லாமல், கையை ஆட்டாமல் பேசினேன். நான் அங்க இல்ல. விழுப்புரத்துல இருந்தேன். அப்பாவப் பத்திச் சொல்லிச் சிரிக்க வெச்சிட்டிருந்தேன். ஸ்டூல்ல இருந்தது நீ. பஞ்சு உன்னுது.

எட்டு பாரில் ஐந்துகூட ஆகவில்லை. மீதிக்கு அவன் விரல் மட்டும் சொடுக்கிக்கொண்டிருந்தது. பிறகு, நான் பேசியது காதிலேயே விழாதவன்போல, அதே சின்னச் சிரிப்பு. "யோசிச்சு சொல்லு."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். "பீட்ல இல்லண்ணா. பரவால்ல, இப்பிடியே வெச்சிக்கறேன். அவர் கடைசியா சொல்றத மட்டும் எடுத்துடவா? பதில்தான் வந்துடுச்சே."

"வேணாம்" என்றேன். "இருக்கட்டும்."