எழுப்பாமல் விட்ட காமன்

மறுவாசிப்பு என்கிற பெயரில் நான் அடித்த கூத்தை இப்போது நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. இதிகாசத்து வில்லன்களையெல்லாம் பிடித்துவந்து மேடையில் அழவைத்தேன். பேசாமலிருந்த பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் வசனம் கொடுத்தேன். அத்தனை பேரும் என்னைப் போலவே பேசினார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு மூலக்கதையே தெரியாது. அவர்களிடம் எதை மாற்றிச் சொன்னாலும் புரட்சிதான். கைதட்டினார்கள், நானும் நம்பித் தொலைத்தேன்.

இந்த லட்சணத்தில்தான் நகரத்து நாடக இயக்குநர் ஒருவரோடு சேர்ந்து காமன் கூத்தில் கை வைத்தேன். மஞ்சூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் மாசி மாதம் ஆடுகிற கூத்து அது. காமனை எரிப்பார்கள், மூன்றாம் நாள் எழுப்புவார்கள். எழுப்புகிற வரைக்கும் அந்த வேஷம் போட்டவர் ஊர்க் கணக்கில் செத்தவர்தான்.

இயக்குநர் வெயிலடிக்கும்போதும் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிற ஆள். லயத்தைப் பார்த்ததும், “செம raw-ஆ இருக்கு,” என்றார். எரிப்பதைப் பார்த்தோம், மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டோம்.

“தீயோட முடிச்சிடலாம். எழுப்புறதெல்லாம் வேகத்தைக் கெடுக்கும்,” என்றார் வழியில்.

நானும் பெரிய மேதை மாதிரித் தலையாட்டினேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன்.

லயத்தில் வருஷாவருஷம் காமன் வேஷம் கட்டுகிறவரையே ஊட்டி மேடைக்கும் அழைத்துவந்தோம். ஃபேக்டரியில் இலை வாட்டுகிற வேலை அவருக்கு. ஒத்திகையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“மூணாம் நாளு வந்து எழுப்பிருவீங்கதானே சார்?”

“அதெல்லாம் பாத்துக்கலாம்,” என்றேன்.

நாடகம் முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாம் நாள் நான் குன்னூரில் ஒரு கூட்டத்தில், மரபை மதிப்பது எப்படி என்று முழங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, நாடகத்தில் எடுத்த போட்டோக்களைக் கொடுத்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று லயத்துக்குப் போனேன். அவருடைய மனைவி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“எங்க அண்ணன் மக சடங்குல என்னைய ஆலாத்தி எடுக்க விடல சார். எழுப்பாத ஆளு பொண்டாட்டி, தள்ளி நில்லுன்னுட்டாங்க. இவரு பந்தியில ஒக்காந்தா பக்கத்துல இருக்கவன் எந்திரிச்சுப் போறான்.”

“உங்க கூத்துக்காரங்களே எழுப்பக் கூடாதா?”

“எரிச்சவங்கதான் எழுப்பணும். அதுகூடத் தெரியாமயா சார் எழுதுனீங்க?”

காமன் கட்டியவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். என்னை வா என்று சொல்லவில்லை. நான் நீட்டிய போட்டோவை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

இயக்குநருக்கு போன் போட்டேன். “அடடா, இதையே அடுத்த நாடகமாப் பண்ணலாமே!” என்றார். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டு வைத்தேன். அசிங்கம் என்னவென்றால், அந்த அம்மாள் பேசி முடிப்பதற்குள் எனக்கும் அதே எண்ணம் வந்திருந்தது.

நானே வந்து எழுப்புகிறேன் என்று லயத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை இயக்குநர் இல்லாமல் நான் மட்டும் போனேன். அவரைக் கிடத்தி வெள்ளை வேட்டியால் மூடியிருந்தார்கள். நாற்பது பக்கம் எழுதிய எனக்கு எழுப்புகிற பாட்டில் ஒரு அடிகூடத் தெரியாது. கூத்துக்காரர்கள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். இரண்டு இடத்தில் உளறினேன், யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் தெளித்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரி வந்து அவர் மனைவிக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். அந்த அம்மாள் அப்போதுதான் அழுதார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் லயத்து முனை வரைக்கும் கூடவே வந்தார்.

“சார், இதையாவது எழுதாம இருப்பீங்களா?”

“சத்தியமா எழுத மாட்டேன்மா,” என்றேன்.

பஸ் வருவதற்குள் நோட்டில் நாலு பக்கம் எழுதி முடித்திருந்தேன்.